இப்போது என்ன நூல் வாசிக்கிறீர்கள்?



சென்ற சுருத பஞ்சமியன்று எங்கள் ஊர் ஜினாலயத்தில் ஆண்டுதோறும் செய்வதுபோலவே சாத்திரங்களைப் பல்லக்கில் எழுந்தருளச் செய்து வலம் வந்தோம். ஓலைச்சுவடிக் கட்டு ஒன்று. ஸ்ரீபுராணம், மேருமந்தர புராணம், யசோதர காவியம் முதலிய அச்சுப் புத்தகங்கள் சில. எல்லாவற்றிற்கும் பட்டுத்துணி, சந்தனம், மலர். பூசை நிறைவுற்று முகமண்டபத்தில் அமர்ந்திருந்தபோது, சென்னையில் பொறியியல் பயிலும் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி நம் அருகே வந்து உட்கார்ந்தாள். "பாட்டி, பல்லக்கில் வைத்த புத்தகங்கள் இருக்கட்டும். நீங்கள் இப்போது என்ன புத்தகம் வாசிக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

குழந்தை கேட்ட எளிய கேள்விதான். நாம் வாய் திறப்பதற்குள் அருகிலிருந்த பெரியவர் ஒருவர் முந்திக்கொண்டார். "யாரைப் பார்த்து இதைக் கேட்கிறாய் அம்மா? ஐம்பது ஆண்டுகளாகச் சமயசாரம் வாசிப்பவர்கள் அவர்கள்" என்றார். சுற்றியிருந்தோர் மகிழ்ந்து தலையசைத்தனர். நமக்கோ உள்ளங்கை வியர்த்தது. வாய் திறவாமல் இருந்திருந்தால் போதும். ஒரு பொய்யும் பேசாமலே ஒரு பொய்யின்மேல் அமர்ந்திருந்திருக்கலாம். அப்படித்தான் நெடுங்காலம் அமர்ந்திருந்தோம்.

அது எவ்வாறு தொடங்கிற்று என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1969ஆம் ஆண்டில் நாம் ஆசிரியப் பயிற்சி பெற்றுவந்த விடுதியில், வார இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' தொடரின் பக்கங்களைக் கிழித்துத் தைத்து அட்டை கட்டிய தொகுதிகள் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தன. நமக்கு மூன்றாம் பாகத்தின் முறை வந்திருந்தது. இரண்டு நாளில் அடுத்தவளுக்குக் கொடுத்தாக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை, ஊரிலிருந்து நம் தாத்தா நம்மைக் காண வந்தார். வெள்ளை வேட்டியும் துண்டுமாக விடுதி வாசல் மரத்தடியில் நின்றவர், உடல் நலத்தை விசாரித்தார், உணவைப் பற்றி விசாரித்தார், பிறகு, "இப்போது என்ன நூல் வாசிக்கிறாய் அம்மா?" என்றார்.

அந்த மூன்றாம் பாகத்தின் பெயர் 'கொலைவாள்'. நீரை வடிகட்டிக் குடிக்கவும், இருட்டிய பின் உண்ணாதிருக்கவும் நம்மைப் பழக்கிய அந்த முதியவரிடம் இந்தப் பெயரை எவ்வாறு சொல்வது? "சமயசாரம், தாத்தா" என்றோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. எந்தப் பகுதி என்றும் கேட்கவில்லை. கண் மட்டும் கலங்கிற்று. அடுத்த மாதம் வந்தபோது கெட்டி அட்டையிட்ட பெரிய கையெழுத்துக் குறிப்பேடு ஒன்றைக் கொண்டுவந்தார். குந்தகுந்த ஆச்சாரியாரின் பிராகிருதக் காதைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் தமக்கு விளங்கிய பொருளைத் தமிழில் எழுதி வைத்திருந்தார். "இது இனி உன்னிடம் இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டுப் பேருந்துக்குப் போனார். மறு ஆண்டே தாத்தா காலமானார். அதற்குள், தம் பேத்தி சமயசாரம் வாசிக்கிறாள் என்று சுற்றுவட்டாரத்து ஊர்களிலெல்லாம் சொல்லியிருந்தார்.

அந்தப் பெயரே நமக்கு மேடை அமைத்துக் கொடுத்தது. 38 ஆண்டுகள் பள்ளியில் பாடம் சொன்னோம். அந்நாள்களிலும் அதன் பின்னரும் ஜினாலய விழாக்களில் சமயசாரத்தைப் பற்றிப் பேசினோம். குறிப்பேட்டின் முதல் சில பக்கங்களும், பிறர் எழுதிய கட்டுரைகளும், கேட்ட பிரவசனங்களும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. எவரும் குறை சொல்லவில்லை. பயிற்சிப் பள்ளியில் நமக்கு முதலில் கற்பித்ததே, ஆசிரியை தான் முழுதும் படியாத பாடத்தை வகுப்பில் எடுக்கலாகாது என்பதுதான்.

இந்த இடத்தில் சுருத பஞ்சமியின் வரலாற்றையே சிறிது எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. கிர்நார் மலையின் சந்திர குகையில் வாழ்ந்த தரசேன ஆச்சாரியார், தம்மோடு ஆகம அறிவு மறைந்துவிடுமோ என்று அஞ்சி, அதனைப் பெறத்தக்க முனிவர் இருவரை வரவழைத்தார். வந்தவர்களுக்கு உடனே பாடம் தொடங்கவில்லை. ஆளுக்கு ஒரு மந்திரம் கொடுத்தார். ஒன்றில் ஓர் எழுத்து மிகை, மற்றொன்றில் ஓர் எழுத்துக் குறை. அவர்கள் சாதித்தபோது தோன்றிய தேவியருள் ஒருத்திக்குப் பல் வெளியே நீண்டிருந்தது; மற்றவளுக்கு ஒரு கண் இல்லை. தேவியர் வடிவில் ஊனம் இராதே, பிழை நம் பாடத்தில்தான் இருக்க வேண்டும் என்று உணர்ந்த இருவரும் இலக்கண நெறியால் எழுத்தைத் திருத்தி மீண்டும் சாதிக்க, தேவியர் தம் இயல்பான வடிவில் தோன்றினர். நிகழ்ந்ததை ஒளிக்காமல் ஆசிரியரிடம் வந்து சொன்னார்கள். அதன் பிறகே பாடம் தொடங்கிற்று. அவர்களே புஷ்பதந்தரும் பூதபலியும். அவர்கள் இயற்றியதே ஷட்கண்டாகமம். அது நூல்வடிவில் நிறைவெய்திய நாளே நாம் பல்லக்குச் சுமக்கும் நாள். வேண்டுமென்றே பிழையான பாடத்தைக் கொடுத்து மாணவரைச் சோதித்த ஆசிரியரை நினைக்கும்போதெல்லாம் நமக்கு வியப்பு. பிழை எதிரே வந்து நின்றபோது அவர்கள் தங்கள் பாடத்தைத்தான் பார்த்தார்கள். நாமோ, ஓர் எழுத்தன்று, ஒரு நூலையே மிகையாகச் சொல்லிவிட்டு, நீண்ட பல்லைப் பாராதவர்போல் இருந்தோம்.

உமாஸ்வாமி ஆச்சாரியார் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் சுவாத்தியாயத்தை உட்தவங்கள் ஆறனுள் ஒன்றாக வைத்தார். அதற்கு ஐந்து உறுப்புகள்: வாசித்தல், ஐயம் கேட்டல், உள்ளத்தில் மீண்டும் மீண்டும் சிந்தித்தல், பிழையின்றி ஓதிப் பழகுதல், பிறர்க்கு அறம் உரைத்தல். வாசித்தலுக்கு அடுத்தபடியாகவே கேட்டல் நிற்கிறது. உரைத்தல் கடைசியில் நிற்கிறது. நாம் கடைசி உறுப்பிலிருந்து தொடங்கினோம். 'இப்போது என்ன நூல் வாசிக்கிறீர்கள்' என்று ஒருவரை ஒருவர் கேட்பதை வெறும் நலம் விசாரித்தல் என்று எண்ணுவோர் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அந்தக் கேள்விக்கு மெய்யான விடை கிடைத்தால்தான் அடுத்த ஐயம் பிறக்கும். பொய் விடை சொன்னால், கேட்டவருக்குக் கேட்க ஒன்றும் இல்லை. சொன்னவருக்கோ இனி எவரிடமும் ஐயம் கேட்க வழியில்லை. படித்துவிட்டதாகச் சொன்ன நூலில் ஐயம் என்று எவ்வாறு வாய் திறப்பது? ஐம்பது ஆண்டுகள் நமக்கு நேர்ந்தது அதுவே.

இதே கேள்வி 1880ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கும்பகோணத்தில் கேட்கப்பட்டது. கல்லூரித் தமிழாசிரியரான உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் தாம் பயின்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் உலாக்களையும் கோவைகளையும் வரிசையாகச் சொன்னார். முதலியாருக்கு அவை போதவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்றார். இல்லை, அந்நூல்கள் கிடைக்கவில்லை என்று ஐயர் ஒப்புக்கொண்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர், தாம் அறியாத நூலை அறியேன் என்று ஓர் அரசு அலுவலர்முன் சொன்னாரே, அந்த 'இல்லை' நமக்கு மிகப் பெரியதாகத் தோன்றுகிறது. அன்று, படித்திருக்கிறேன் என்று ஒரு சொல் சொல்லி எழுந்து வந்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

அதன் பின் நிகழ்ந்தது நம்மவர்க்குப் பெருமை தருவது. முதலியார் தந்த பிரதியைக் கொண்டு சிந்தாமணியைத் தொடங்கிய ஐயருக்கு, நச்சினார்க்கினியர் உரையைப் படித்தும், சமணக் கருத்துகள் பல விளங்கவில்லை. விளங்கவில்லை என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. கும்பகோணத்திலேயே வாழ்ந்த நம்மவரைத் தேடிச் சென்றார். சந்திரநாதச் செட்டியார் அவரை அழைத்துச் சென்ற இல்லம் விழாக்கோலம் பூண்டிருந்தது. என்ன விசேடம் என்று கேட்டால், சிந்தாமணி வாசிப்பு நிறைவுற்ற நாள் என்றார்கள்! வெளியுலகில் ஒரு பெரும்புலவருக்குக் கிடையாத நூலை, நம் முன்னோர் தெருவீட்டில் அமர்ந்து பல மாதம் வாசித்து, முடித்ததைத் திருமணம்போல் கொண்டாடியிருக்கிறார்கள். அவர்களிடம் ஐயர் தயங்காமல் ஐயம் கேட்டார். அவர்களும் வேற்றுச் சமயத்தவர் என்று தள்ளாமல் விடை சொன்னார்கள். அவரைப் 'பவ்ய ஜீவன்' என்று நம்மவர் வியந்து சொன்னதை அவரே தம் வரலாற்றில் எழுதி வைத்தார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. இன்று நம் இல்லங்களில் எத்தனையில் சிந்தாமணி நிறைவுக்காக மாவிலை கட்டுகிறார்கள் என்று நாம் கேட்கப்போவதில்லை. நம் இல்லத்தில் கட்டியதில்லை.

நூலைக் காப்பது ஒன்று, வாசிப்பது வேறு. கர்நாடகத்து மூடபித்ரியின் சித்தாந்த பசதியில் ஷட்கண்டாகமத்தின் உரையாகிய தவளையும், அதனோடு ஜயதவளை, மகாதவளை என்பனவும் பழங்கன்னட எழுத்து ஓலைகளில் இருந்தன. வீரசேன ஆச்சாரியார் இயற்றிய தவளை மட்டும் 72,000 சுலோக அளவினது என்பர். வேறெங்கும் பிரதி இல்லாமையால் அவற்றைப் பெட்டகத்தில் பூட்டிக் காத்தார்கள், யாத்திரிகர்க்குத் தரிசனம் செய்விப்பார்கள், வாசிக்கக் கொடுப்பதில்லை. காத்தவர்களை நாம் குறை சொல்லோம். அவர்கள் பூட்டியிராவிடில் இன்று அந்த ஓலைகளே இல்லை. ஆயினும் பல நூற்றாண்டுகள் மக்கள் அந்தச் சித்தாந்தத்தைக் கண்ணால் கண்டு கைகூப்பினார்களேயன்றி ஒரு வரியும் அறிந்தாரில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அரிதின் முயன்று படியெடுக்கத் தொடங்கினார்கள். 1939இல் பேராசிரியர் ஹீராலால் ஜைன் அவர்களின் பதிப்பாகத் தவளையின் முதல் தொகுதி அச்சில் வெளிவந்தது. பின்னர் 16 தொகுதிகளாக நிறைவுற்றது. ஒரே ஓர் ஊரில் ஒரே ஒரு பெட்டகம் பூட்டியிருந்தது என்று நாம் இரங்குகிறோம். நம் வீட்டுப் பூசை அலமாரியிலும் பட்டுத்துணிக்குள் ஒரு பெட்டகம் உண்டு. அதற்குப் பூட்டு இல்லை என்பது ஒன்றே வேறுபாடு.

இனி முகமண்டபத்துக்குத் திரும்புவோம். பெரியவர் சொல்லி முடித்ததும் நாம் அந்தப் பெண்ணைப் பார்த்து, "அவர் சொன்னது உண்மையன்று அம்மா" என்றோம். விடுதி வாசலில் சொன்ன பொய்யை, மேலே எழுதியவாறே, சபையோர் கேட்கச் சொன்னோம். பிராயச்சித்த வகைகளில் முதலாவது ஆலோசனை, அதாவது செய்த குற்றத்தை வாயால் எடுத்துச் சொல்லுதல். அதனைக் குருவின்முன் சொல்ல வேண்டும் என்பது முறை. நமக்கு வாய்த்தது பத்தொன்பது வயதுப் பெண்ணின்முன்.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு அந்தப் பெரியவரே தொண்டையைச் செருமிக்கொண்டு, தம் தந்தையார் தமக்குத் திருமணத்தின்போது கொடுத்த மேருமந்தர புராணத்தில் பாதிக்கு மேல் தாள்கள் இன்னும் பிரிக்கப்படாமல் ஒட்டியே இருக்கின்றன என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "தாத்தா, நான் இப்போது வாசிப்பது பொன்னியின் செல்வன்தான். 2022இல் படம் பார்த்தேன், பிறகு புத்தகம் வாங்கினேன்" என்று சிறிதும் கூசாமல் சொன்னாள். நாம் தலையணைக்கடியில் ஒளித்த அதே நூல்! மூலையில் சாய்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "குந்தவை வருகிறாளே, அந்தக் கதையா? திருமலையில் நமக்குக் கோயில் எடுத்தாளே, அந்தக் குந்தவையா?" என்றார். ஆம், இராசராசனின் தமக்கை பெயரால் குந்தவை ஜினாலயம் என்று கல்வெட்டில் வழங்கும் கோயில், ஏறத்தாழ 16 அடி உயர நேமிநாதர் நிற்கும் அந்த மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. அந்தப் பெண் பலமுறை திருமலைக்குச் சென்றிருக்கிறாள். கதையில் வரும் இளவரசியும் அந்தக் கோயிலின் பெயரும் ஒன்று என்று அன்றுதான் அறிந்தாள். 1969இல் நம் தாத்தாவிடம் மெய் சொல்லியிருந்தால், அவரும் இதையே சொல்லியிருப்பார் என்று பட்டது. அவர் ஆண்டுதோறும் திருமலைக்கு நடந்தே செல்பவர்.

அன்றுமுதல் ஒவ்வொரு சதுர்த்தசி மாலையும் முகமண்டபத்தில் சிறிது நேரம் கூடுகிறோம். அவரவர் வாசிக்கும் நூலின் பெயர், எந்த இடத்தில் நிற்கிறார், எது விளங்கவில்லை, அவ்வளவே சொல்ல வேண்டும். பொழிப்புரை கூடாது. அந்த விதியை வகுத்தவர்கள் இளையோர். நம்மை மனத்தில் வைத்தே வகுத்திருப்பார்கள் போலும். புதிதாக வந்த மருமகள் ஒருத்தி நீலகேசியை, 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்தபடி சமயதிவாகர உரையுடன் வாசிக்கிறாள்; மொக்கலவாதத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். இளைஞன் ஒருவன் போட்டித் தேர்வு வழிகாட்டியைத் தவிர வேறொன்றும் வாசிக்கவில்லை என்று தலைகுனிந்து சொன்னான், அதையும் குறித்துக்கொண்டோம். ஒருவர் தென்னைக்கு வரும் நோய்களைப் பற்றிய சிறு நூல் வாசிக்கிறார். மருந்தடித்தால் கொலை, அடிக்காவிட்டால் மரம் போகும், என்ன செய்வது என்பது அவர் ஐயம். அன்று மாலை முழுவதும் அதிலேயே சென்றது. கைப்பேசியில் வாசிப்பதும் வாசிப்பாகுமா என்று நாம் முதலில் முகம் சுளித்தோம். எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது என்று அறிந்தபின் சுளிப்பதில்லை.

திருமலையை நினைவூட்டிய அந்த மூதாட்டிக்கு எழுத்து தெரியாது. ஆதிநாதப் பெருமான் எழுத்தை முதலில் கற்பித்தது பிராமி என்னும் பெண்பிள்ளைக்கு. அதன் பின்னும் நம் பெண்களுள் இப்படிச் சிலரை விட்டுவிட்டோமே என்று அவரைக் காணும்போதெல்லாம் ஆசிரியை என்ற முறையில் நமக்கு வெட்கம். ஆனால் அவர் வாசிக்கிறார். பெங்களூரில் பணிபுரியும் பேரன் இரவுதோறும் தொலைபேசியில் ஸ்ரீபுராணத்தை வாசித்துக் காட்டுகிறான். அதன் மணிப்பிரவாள நடை அவனுக்கும் எளிதன்று. தட்டுத் தடுமாறி வாசிப்பான். அவர் இந்த முனையில் திருத்துவார். சென்ற சதுர்த்தசியன்று அவர் கேட்ட ஐயம் இது: "பாகுபலி சுவாமி ஓராண்டு அசையாமல் நின்றார், கொடி சுற்றிற்று, புற்று எழுந்தது. சரி. அந்த ஓராண்டும் அவரைப் பெற்ற சுநந்தை எப்படிச் சாப்பிட்டாள், எப்படித் தூங்கினாள்? அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" அவருடைய மகன் ஒருவன் இளமையில் வீட்டைவிட்டுப் போனவன் என்பதை ஊரார் அறிவோம். எவரும் விடை சொல்லவில்லை. வாசித்துப் பார்த்துச் சொல்வதாக நீலகேசி வாசிக்கும் மருமகள் ஏற்றுக்கொண்டாள்.

நம் முறையும் வரும். 2020இல் ஊரடங்கின்போது ஆலயக் கதவுகளும் அடைத்திருக்க, வேறு வழியில்லாமல் தாத்தாவின் குறிப்பேட்டை முதலிலிருந்து எடுத்தோம். கண்புரை அறுவைக்குப் பின் ஒரு நாளைக்கு ஒரு காதைதான் இயலும். சில நாள் அதுவும் இல்லை. சமயசாரத்தில் காதைகள் 415. கர்த்தா, கருமம் பற்றிய அதிகாரம் 144ஆம் காதையோடு முடிகிறது. அந்தப் பக்கத்தைத் திருப்பியபோது, அடுத்த பக்கம் வெறுமையாக இருந்தது. அதற்கடுத்ததும் வெறுமை. குறிப்பேட்டின் பின்பாதி முழுவதும் எழுதாத தாள். 144ஆம் காதையின் கீழ், பென்சிலால், தாத்தாவின் சாய்ந்த எழுத்தில் ஒரு குறிப்பு: இதுவரை வாசித்தேன், இதற்கு மேல் எனக்கு விளங்கவில்லை, பேத்தியைக் கேட்க வேண்டும்.

ஆறு ஆண்டுகளாகவில்லை, ஐம்பது ஆண்டுகளாக அந்தக் குறிப்பு அங்கே இருந்திருக்கிறது. நாமும் இப்போது அந்த 144இல்தான் நிற்கிறோம். புண்ணிய பாபம் பற்றிய அடுத்த அதிகாரத்தை அச்சுப் புத்தகத்தில் தொடங்கினோம். தீவினை இரும்பு விலங்கு என்றால் நல்வினையும் விலங்கே, பொன்னாலான விலங்கு என்னும் கருத்தில் தடைப்பட்டு நிற்கிறோம். நாள்தோறும் பூசையும் தானமும் செய்துவரும் இல்லறத்தார் இதனை எவ்வாறு கொள்வது? நம் வாசகருள் அந்த அதிகாரத்தை ஊன்றி வாசித்தவர் எவரேனும் இருப்பின், தாம் அறிந்ததை இதழ் முகவரிக்கு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம். எழுத்து சற்றுப் பெரிதாக இருந்தால் நலம். அடுத்த சதுர்த்தசிக்கு முன் கிடைத்தால் சபையில் வாசித்துவிட்டு, குறிப்பேட்டின் வெறுந்தாளில் 145 என்று எண்ணிட்டு எழுதிக்கொள்வோம்.